சாமுராய்க்குச் சம்பளம் எப்படி?

காரைக்குடிக்காரன்:
எங்க ஐயா ரங்கூன்ல ஒரு வட்டிக்கடையில அடுத்தாளா, அதான் ஏஜெண்டுக்கு உதவியாளா இருந்தார். மூணு வருஷக் கணக்கு முடிஞ்சா கப்பலேறி ஊருக்கு வந்துடலாமாம். ஜப்பான்ல சாமுராய்க்கு அப்படித் தவணை உண்டா? கூலி யார் கொடுத்தா?

கானாடுகாத்தான் வாத்தியார்:
தவணையெல்லாம் கிடையாது தம்பி. அப்பனுக்குப் பின் மகன், அதே பிரபு வீட்டுக்கு. கூலி அரிசிக் கணக்கில். ஒரு ‘கொக்கு’ என்றால் சுமார் 180 லிட்டர், ஓர் ஆளுக்கு ஒரு வருஷச் சாப்பாடு. எடோவில் (இன்றைய டோக்கியோ) நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகனின் நேரடி ஆட்களுக்கு அசாகுசா களஞ்சியத்தில் வருஷம் மூன்று தடவை அளந்தார்கள். அதை விற்றுக் காசாக்கித் தர ‘ஃபுதாசாஷி’ என்று தரகர்கள். வரப்போகிற அரிசியை ஈடாக வைத்து வட்டிக்கும் விட்டார்கள். நம்மூர்க்காரனுக்கு விளக்கவா வேண்டும்! இடுப்பில் இரண்டு வாள், வீட்டில் கடன். 1789-ல் அரசே பழைய கடனையெல்லாம் தள்ளுபடி செய்தது. அதன்பிறகு தரகர்கள் புதுக்கடன் தரவே தயங்கினார்கள். தயங்காமல் என்ன செய்வார்கள்?

பள்ளத்தூர் ஆச்சி:
எசமான் செத்தா கூடவே வயித்தைக் கிழிச்சுக்குவாங்களாமே, நெசமா?

கானாடுகாத்தான் வாத்தியார்:
சிலர் செய்தார்கள் ஆச்சி. 1663-ல் ஷோகன் ஆட்சி அதைத் தடை செய்துவிட்டது. பிரபு வீடே கலைந்தால்தான் பெரிய அவதி. 1701-ல் அக்கோ பிரபு அசானோ, எடோ கோட்டைக்குள் வாளை உருவியதற்காக அன்றைக்கே சாக வேண்டியதாயிற்று. அவர் ஆட்கள் எல்லாரும் ஒரே நாளில் ‘ரோனின்’, அதாவது எசமானில்லாதவர்கள். தலைமைக் காரியஸ்தர் ஓயிஷிக்கு 1,500 கொக்கு வருமானம், அதுவும் போச்சு. எசமான் சாவுக்குப் பழிவாங்கப் போனது 47 பேர்தான். மற்றவர்கள் பிழைப்பைப் பார்க்கப் போனார்கள், அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

காரைக்குடிக்காரன்:
அந்த 47 பேரோட வீட்டுப் பொம்பளைங்க கதை தெரிஞ்சா சொல்லுங்க சார்.