ஊரடங்கு வெயில்ல வத்தல் போடணும்: மில்லு இல்லாம, வீட்டு ஆளுகளை மட்டும் வச்சு எப்படி?

பேட்டை மருமவ
2020 ஏப்ரல் 16, காலை 10.40

எல்லாருக்கும் வணக்கம். ஊரடங்கை மே 3 வரைக்கும் நீட்டியாச்சு. வீட்டுல மாமா, அத்தை, நாங்க ரெண்டு பேரு, ஆறாப்பும் ஒம்பதாப்பும் படிக்கிற பிள்ளைய ரெண்டு, கொழுந்தன்னு ஏழு பேரு இருக்கோம். மாடி இருபதுக்குப் பதினஞ்சு அடி, மர நிழல் எதுவும் விழாது. ரேஷன் பச்சரிசி பத்து கிலோ கிடக்கு. சித்திரை வெயில் இப்படிக் கொளுத்தும்போது சும்மா விடக் கூடாதுன்னு அத்தை சொல்லுதாங்க.

கேக்க வேண்டியது இதுதான். மாவு மில்லுக்குப் போகாம கிரைண்டர்ல ஆட்டியே கூழ்வத்தல் போடலாமா? போன தடவை போட்டதுல பாதி காயும்போதே பொடிஞ்சு போச்சு. மிச்சம் எண்ணெயில பொரியாம செவந்து நின்னுச்சு. எங்க தப்பு வந்திருக்கும்? தள்ளுவண்டியில சீனியவரைக்கா (கொத்தவரங்கா), பாவக்கா, மிளகா, மாங்கா மட்டும் வருது. அதுல எதெல்லாம் வத்தலுக்கு ஆகும்? கடைசியா, யாருக்கு எந்த வேலையைக் கொடுத்தா வீட்டுல சத்தம் இல்லாம இருக்கும்?

---

கல்லிடை ஆச்சி
ஏப்ரல் 16, மதியம் 12.05

மில்லே வேண்டாம் தாயி. ஆட்டின மாவுதான் வத்தலுக்கு நல்லது. மில்லுல திரிச்ச மாவுல குருணை நிக்கும், அந்த இடத்துலதான் வத்தல் விரிசல் விடும்.

ஒரு நாளைக்கு அரைக் கிலோ அரிசிக்கு மேல போகாதீங்க. ஒரு கிலோ அரிசிக் கூழை ஒரே போணியில (பாத்திரத்துல) கிண்டினா அடி பிடிக்கும், கையும் விட்டுப்போகும். அரைக் கிலோவுக்கு ஒரு நாலு முழ வேட்டி நிறையும்.

அளவு: பச்சரிசி அரைக் கிலோ, ஜவ்வரிசி 100 கிராம், தண்ணி ஆட்டுதது, கொதிக்க வைக்குதது எல்லாம் சேத்து ரெண்டரை லிட்டர். பொடியுப்பு மட்டமா மூணு டீஸ்பூன். பச்சமிளகா பத்து, சீரகம் ரெண்டு டீஸ்பூன், பெருங்காயம் ஒரு சுண்டைக்கா அளவு, ஒரு எலுமிச்சம்பழம். இது முறுக்கு உரல்ல பிழியுததுக்கு. கரண்டியால ஊத்துத வட்ட வத்தல்னா தண்ணியை மூணேமுக்கா லிட்டர் வரைக்கும் கூட்டிக்கிடலாம்.

ரேஷன் அரிசியை நாலு தண்ணி கழுவணும், வாடை அதுலயே போயிரும். ராத்திரி பத்து மணிக்கு ஊறப்போட்டு, வெள்ளன நாலரைக்கு ஆட்டினா சரியா இருக்கும். ஜவ்வரிசியைத் தனியா ஊறவைங்க. விரல்ல நசுக்கினா நடுவுல வெள்ளைப் புள்ளி இல்லாம மசியணும். மாவு தோசை மாவை விட நைசா இருக்கணும். ஆட்டின மாவை ராத்திரி முழுக்க வைக்காதீங்க. வெயில் காலத்துல ஆறு மணி நேரத்துல புளிச்சிரும், புளிச்ச கூழ்ல போட்ட வத்தல் பொரிக்கும்போது செவக்கும். உங்க வத்தல் செவந்ததுக்கு அது ஒரு காரணமா இருக்கலாம். இன்னொன்னு கீழ சொல்லுதேன்.

கனமான போணியில ஒண்ணரை லிட்டர் தண்ணியக் கொதிக்கவிட்டு, உப்பு, அரைச்ச மிளகா, பெருங்காயம், ஊறின ஜவ்வரிசி எல்லாம் போட்டு, ஜவ்வரிசி கண்ணாடியா மாறுன பொறவு மாவை மிச்சத் தண்ணியில கரைச்சு ஊத்துங்க. ஒருத்தர் ஊத்தணும், ஒருத்தர் கிண்டணும். ஒத்தை ஆளா செஞ்சா கட்டி விழும். தீயைக் குறைச்சு இருவது, இருவத்தஞ்சு நிமிசம் கிண்டணும். இங்கதான் நிறைய பேரு அவசரப்படுதாங்க. கூழ் கெட்டியானதும் இறக்கிருதாங்க. கெட்டியானா வெந்துட்டுன்னு அர்த்தம் கிடையாது. வெள்ளை நிறம் போயி, பளபளன்னு ஒளி ஊடுருவுத மாதிரி வரணும். கையைத் தண்ணியில நனைச்சுத் தொட்டா ஒட்டக் கூடாது. வேகாத மாவு காஞ்சா மறுபடி மாவாத்தான் நிக்கும், தொட்டா உதிரும். வெந்து கண்ணாடியானாத்தான் ஒண்ணோடொண்ணு ஒட்டிப் பிடிக்கும். போன தடவை பொடிஞ்சது இதனாலதான்.

சீரகத்தை இறக்கும்போது போடுங்க. எலுமிச்சம்பழத்தைக் கூழ் வெதுவெதுன்னு ஆறின பொறவு பிழியுங்க. கொதிக்கும்போது புளிப்பு சேந்தா கூழ் இளகி ஓடும். உப்பு வாயில வச்சுப் பாக்கும்போது கொஞ்சம் பத்தாத மாதிரி தெரியணும். காஞ்சா ஏறிக்கிடும். இதை நம்பாம ஒரு கை உப்பு அள்ளிப் போடுதவங்கதான் எல்லா வீட்டுலயும் இருக்காங்க.

பொரியாததுக்குக் காரணம்: காஞ்ச வத்தலுக்குள்ள மிச்சமிருக்க துளி ஈரம்தான் சூட்டுல ஆவியாகி அதை ஊதவைக்குது. ஈரம் நிறைய இருந்தா ஊதாம எண்ணெயிலயே வெந்து தோலா ஆகி செவக்கும். அதனால முதல் நாள் சாயந்தரம் மேல்பக்கம் காஞ்சதைப் பாத்து டப்பாவுல போட்ராதீங்க. துணியில ஒரு வெயில், உரிச்சுப் போட்டு சுளவுல (முறத்துல) ரெண்டு வெயில். ஒடிச்சா டக்குன்னு சத்தம் கேக்கணும், வளையக் கூடாது.

பொரிக்கும்போது ஒண்ணு போட்டுப் பாருங்க. போட்டதும் ரெண்டு மூணு நொடியில மேல வந்து விரியணும். அடியிலயே கிடந்தா எண்ணெய் காயலைன்னு அர்த்தம், அதை எடுத்தா பல்லுதான் போகும்.

---

திசையன்விளை அண்ணாச்சி
ஏப்ரல் 16, மாலை 4.30

ஆச்சி சொன்ன அளவு சரி. துணி விசயத்துல மட்டும் கொஞ்சம் சேத்துச் சொல்லுதேன். புது வேட்டி, நீலம் போட்ட வேட்டி ரெண்டும் வேண்டாம். கஞ்சியும் நீலமும் வத்தல்ல ஏறும். நாலஞ்சு தடவை துவைச்ச பழைய பருத்தி வேட்டியை நனைச்சுப் பிழிஞ்சு விரிங்க. சாயந்தரம் வேட்டியைக் கவுத்துப் பிடிச்சு, பின்பக்கம் தண்ணி தெளிச்சு ரெண்டு நிமிசம் விடுங்க. பொறவு துணியைத்தான் இழுக்கணும். வத்தலை இழுத்தா ஒடிஞ்சுபோகும். பாலித்தீன் தாள்ல தானாக் கழண்டுக்கிடும், வேலை மிச்சம்தான், ஆனா அடிப்பக்கம் காத்து போகாம ஈரம் தங்கும். அதுல போட்டா மத்தியானமே திருப்பிவிடணும்.

எங்க பக்கம் காத்தும் மண்ணும் அதிகம். தரையில விரிச்சா வத்தலைக் கடிக்கும்போது நறநறங்கும். நார்க்கட்டில் மேல ஓலைப்பாய், அது மேல வேட்டி, நாலு மூலைக்கும் செங்கல். மாடித் தரையில விரிக்குததா இருந்தா முந்தின நாள் சாயந்தரமே கழுவி விட்டுருங்க. காலையில கழுவினா ஈரத்துலயே விரிக்க வேண்டி வரும்.

இனி காய்க்கு வாரேன்.

மோர்மிளகா: குட்டையா, கனத்த தோலா உள்ள மிளகா அரைக் கிலோ. முதல்ல கழுவி, துடைச்சு, ஈரம் போன பொறவு காம்பைக் கிள்ளாம, நுனியில மட்டும் அரை அங்குலம் கீறுங்க. கீறின பொறவு கழுவினா உள்ள தண்ணி நின்னு அழுகும். நல்லாப் புளிச்ச மோர் ஒரு லிட்டர், கல்லுப்பு 75 கிராம், மஞ்சப்பொடி கொஞ்சம். மண்சட்டியிலயோ பீங்கான் ஜாடியிலயோ ரெண்டு நாள் ஊறட்டும், தினம் ரெண்டு வாட்டி குலுக்கிவிடுங்க. மூணாம் நாள்ல இருந்து காலையில மிளகாயை வடிச்சு வெயில்ல போட்டு, சாயந்தரம் அதே மோர்ல திருப்பிப் போடணும். மோரையும் சட்டியோட வெயில்ல வைங்க. நாலஞ்சு நாள்ல மோர் முழுக்க மிளகாய்க்குள்ள போயிரும். அதுக்குப் பொறவு மூணு வெயில் தனியா. கீறுதவங்க கையில தேங்காயெண்ணெய் தடவிக்கிடணும், பிள்ளைய கிட்ட கொடுக்கவே கூடாது. அந்தக் கையோட கண்ணைக் கசக்கினா அன்னைக்கு வீடே ரெண்டாகும்.

சீனியவரைக்கா: முத்தினது ஆகாது, நார்தான் மிஞ்சும். ரெண்டு முனையும் கிள்ளி, முழுசாவே உப்புத் தண்ணி கொதிக்கும்போது போட்டு மூணு நிமிசத்துல வடிச்சிருங்க. கூட வெந்தா வெயில்ல கிழிஞ்சு தொங்கும், வேகவே இல்லைன்னா வைக்கோல் மாதிரி ஆகும். மோர்ல ஒரு ராத்திரி ஊறவச்சும் போடலாம், ருசி கூடும். நாலு வெயில். ஒரு கிலோ போட்டா கால் கிலோவுக்கும் கீழதான் தேறும், அதைப் பாத்துப் பயப்படாதீங்க.

பாவக்காயை மெல்லிசா வட்டமா வெட்டி உப்பு, மஞ்சள் பிசறி ஒரு மணி நேரம் வச்சு, தண்ணியப் பிழிஞ்சுட்டுப் போட்டா போதும்.

மாங்கா: புளிப்புக் காயா, உள்ள கொட்டை முத்தாததா வாங்குங்க. ஓட்டோட துண்டு போட்டு, கிலோவுக்கு 100 கிராம் கல்லுப்பு போட்டு ஒரு ராத்திரி. மறுநாள் ஊறின தண்ணியத் தனியா வச்சுக்கிட்டு துண்டை வெயில்ல போடுங்க, சாயந்தரம் அந்தத் தண்ணியிலயே மறுபடி போடுங்க. தண்ணி வத்துன பொறவு நல்லாச் சுருங்குத வரைக்கும் காயணும். இது மட்டும் டக்குன்னு ஒடியாது, தோல் மாதிரி வளையும், அதுதான் பதம். புளிக்குழம்புல நாலு துண்டு போட்டா அன்னைக்குக் காய் வாங்க வேண்டாம்.

மிதுக்கங்கா (வெள்ளரி இனத்துல உள்ள சின்னக் காய்) கிடைச்சா விடாதீங்க. வெட்டாம லேசாத் தட்டி மோர்மிளகா மாதிரியே போடலாம்.

---

கடையத்துக்காரன்
ஏப்ரல் 16, இரவு 8.15

பேட்டைக்கு இது அவ்வளவா வேண்டியிருக்காது, ஆனா தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் இருக்கவங்க இதைப் படிச்சா: மலையடிவாரத்துல கோடை மழை மத்தியானத்துக்கு மேலதான் கட்டும். மேக்க கறுத்தா மூணு மணிக்கே எடுத்துருங்க. முதல் நாள் வத்தல் நனைஞ்சா அதைக் காப்பாத்த முடியாது, கூழாவே கரைஞ்சிரும். ரெண்டாம் நாள் லேசா நனைஞ்சா வீட்டுக்குள்ள காத்தாடிக்கு அடியில பரத்தி, மறுநாள் வெயில்ல போட்டா தப்பிக்கும். ஜூன்ல சாரல் தொடங்கிட்டா எங்க பக்கம் வத்தல் பேச்சே கிடையாது. உங்களுக்கு மே 4ல அக்னி நட்சத்திரம் தொடங்குது, நாள் நிறைய இருக்கு.

வேலை பிரிக்குதது பத்திக் கேட்டிருக்கீங்க. மைனி, ஆள் அதிகமானா வத்தல் கெடும். அடுப்புப் பக்கம் ரெண்டு பேரு போதும், அதுல ஒருத்தர் உங்க கொழுந்தனா இருக்கட்டும், கிண்டுததுக்குத் தோள் வேணும். பிழியுதது அஞ்சரையில இருந்து ஏழரைக்குள்ள முடியணும், வெயில் ஏறினா தரை சுடும், கூழும் உரல்லயே இறுகும். கூழ் கை பொறுக்குத சூட்டுக்கு வந்த பொறவுதான் பிள்ளைய கையில உரலைக் கொடுக்கணும். ஒம்பதாப்புக்காரர் பிழியட்டும், சின்னது கரண்டி வத்தல் ஊத்தட்டும். கோணலா வந்தாலும் பொரிச்சா தெரியாது, திருத்தப் போகாதீங்க. உங்க மாமாவை மாடிப்படி நிழல்ல ஒரு நாற்காலி போட்டு உக்காரவைங்க, காக்கா காவல் பத்து மணி வரைக்கும். பதினொண்ணுல இருந்து மூணு வரைக்கும் மேல யாரும் வேண்டாம், அந்த வெயில்ல காக்காயும் வராது. கறுப்புக் குடையை விரிச்சு வச்சா ரெண்டு நாள் ஏமாறும், மூணாம் நாள் அது மேலயே வந்து உக்காரும்.

அத்தைக்குப் பதம் பாக்குத வேலை. அதுல யாரும் குறுக்க பேசாம இருந்தா நீங்க கேட்ட 'சத்தம் இல்லாம' தானா வரும்.

பாதி காஞ்ச வத்தல் சாயந்தரம் குறையும். அதுக்கு யாரையும் பிடிக்காதீங்க. ஒரு சுளவு அதுக்குன்னே கூடுதலாப் போட்டுருங்க.

ஜவ்வரிசி, பெருங்காயம் எல்லாம் ஒரே நடையில வாங்கிருங்க, கடை மத்தியானம் ஒரு மணிக்கு அடைச்சிருதான். பக்கத்து வீட்டுல உரல் கடன் வாங்கினா சோப்புப் போட்டுக் கழுவி வெயில்ல வச்சுட்டு எடுங்க. பேச்சு மாடிக்கு மாடியே இருக்கட்டும்.

---

பேட்டை மருமவ
ஏப்ரல் 17, காலை 7.20

ஆச்சி, அண்ணாச்சி, எல்லாருக்கும் நன்றி. ரெண்டு சந்தேகம். ஜவ்வரிசி கிடைக்கலைன்னா அரிசி மட்டும் போட்டா ஆகுமா? எடுத்து வைக்குதது எதுல, எத்தனை மாசம் வரும்?

---

கல்லிடை ஆச்சி
ஏப்ரல் 17, காலை 9.00

அரிசி மட்டும் போதும். கொஞ்சம் கரகரன்னு கடினமா வரும், அவ்வளவுதான். வேணும்னா ஒரு கை அவலை ஊறவச்சு அரிசியோட ஆட்டுங்க, இலகும். தண்ணியக் கால் லிட்டர் குறைங்க. புது அரிசியா இருந்தா கூழ் பிசுபிசுங்கும், அதுக்கு இன்னொரு அஞ்சு நிமிசம் கூடக் கிண்டணும்.

கடைசி வெயில்ல எடுத்ததைச் சூட்டோட மூடாதீங்க. வீட்டுக்குள்ள ஆறவிட்டுத்தான் டின்னுல போடணும், இல்லைன்னா மூடியில வேர்த்து அடியில பூஞ்சை பிடிக்கும். எவர்சில்வர் டின்னு நல்லது. மோர்மிளகாயையும் மாங்காயையும் கூழ்வத்தலோட சேத்து வைக்காதீங்க. அதுல உள்ள உப்பு காத்து ஈரத்தை இழுக்கும், பக்கத்துல உள்ளதும் நமுத்துப்போகும். அதுகளுக்கு ஜாடி. ஐப்பசி மழைக்கு முன்னால புரட்டாசியில ஒரு வெயில் காட்டி வச்சா அடுத்த சித்திரை வரைக்கும் வரும். டின்னைத் திறக்குதவங்க கை ஈரமில்லாம திறக்கணும்.