முதுநிலைப் படிப்புக்கு முதல் லேப்டாப்: எதற்குப் பணம் போடுவது, எதை விட்டுவிடலாம்?

புதுவரவு கேட்டது:

வணக்கம். சமூக அறிவியலில் முதுநிலைப் படிப்பு தொடங்கப்போகிறேன், பிறகு அப்படியே முனைவர் பட்டத்துக்கும் போக எண்ணம். செய்யவேண்டிய வேலைகள் இவை: ஆர் மொழியில் கணக்கெடுப்புத் தரவை அலசுவது, கியூஜிஐஎஸ்ஸில் வரைபடம் போடுவது, நாள் முழுக்கப் பிடிஎஃப் படிப்பது, எழுதுவது. பைத்தானில் மெஷின் லேர்னிங் ஒரு பாடமாக வரும். தினமும் பையில் தூக்கிப்போக வேண்டும், ஐந்து வருடமாவது உழைக்க வேண்டும்.

ரேம் 8 ஜிபி போதுமா, 16ஆ, 32ஆ? தனி கிராபிக்ஸ் கார்டு தேவையா? மேக்கா, விண்டோஸா? புதிதில் சுமாரானது மேலா, அதே காசுக்குப் பழையதில் உயர்தரமானது மேலா?

---

திருப்புளி:

பிராசஸரிலிருந்து தொடங்காதீர்கள். வாங்கியபின் எதை மாற்றவே முடியாதோ அதற்குத்தான் முதல் பணம். பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில் எஸ்எஸ்டியை (கோப்புகள் தங்கும் சேமிப்பகத்தை) எப்போது வேண்டுமானாலும் பெரிதாக்கிக்கொள்ளலாம், பேட்டரி தளர்ந்தால் புதிது போடலாம். திரையும் கீபோர்டும் போர்டிலேயே சால்டர் செய்த ரேமும் கடைசிவரை உங்களோடுதான்.

ரேம்தான் பலர் ஏமாறும் இடம். விவரப் பட்டியலில் எல்பிடிடிஆர் என்று தொடங்கினால் அது அநேகமாக போர்டோடு ஒட்டிய ரேம், பின்னால் கூட்ட வழியில்லை. வெறும் டிடிஆர்5 என்று போட்டு, ‘சோடிம் ஸ்லாட்’ (ரேமைச் செருகும் இடம்) எத்தனை என்றும் எழுதியிருந்தால் கழற்றி மாற்றலாம். சில மாடல்களில் பாதி ஒட்டியது, பாதி ஸ்லாட் என்று கலந்து வரும். கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல் தயாரிப்பாளரின் சர்வீஸ் கையேட்டை இறக்கிப் பாருங்கள், ஸ்லாட் எங்கே இருக்கிறது என்று படமே இருக்கும்.

ஸ்லாட் இருக்கும் மாடலில் 16 ஜிபியை ஒரே குச்சியாக (ரேம் அட்டையாக) வாங்கினால் இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கும், பின்னால் கூட்டலாம். ஆனால் அதுவரை ரேம் ஒற்றைச் சேனலில், அதாவது பிராசஸரோடு ஒரே பாதையில் ஓடும். உள்ளமைந்த கிராபிக்ஸ் அதே ரேமைத்தான் பங்குபோட்டுக்கொள்வதால், பெரிய வரைபடத்தை இழுத்து நகர்த்தும்போது தடுமாற்றம் தெரியும். இரண்டு குச்சியாக வாங்கினால் வேகம் வரும், கூட்டும்போது பழையதைக் கழற்ற வேண்டியிருக்கும். ஒட்டிய ரேம் என்றால் யோசிக்கவே வேண்டாம், தொடக்கத்திலேயே 32.

பிராசஸரில் பெயரைக் கூர்ந்து படிக்கத் தெரிந்தால் போதும். ஏஎம்டியின் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்லும். 7520யு என்றால் ஜென் 2, அதாவது 2019இல் வந்த வடிவமைப்பு. 7530யு ஜென் 3, 7840யு ஜென் 4. மூன்றுமே ‘ரைசன் 7000’ வரிசைதான். இன்டெல்லில் கடைசி எழுத்தைப் பாருங்கள்: யு என்றால் குறைந்த மின்செலவு, எச் என்றால் வேகம் கூடுதல், கூடவே சூடும் விசிறிச் சத்தமும். நூலகத்தில் உட்கார்ந்து படிப்பவருக்கு யு வகை போதும். செலரான், என்100 போன்றவற்றை ஐந்து வருடக் கணக்கில் வாங்க வேண்டாம்.

எஸ்எஸ்டி 512 ஜிபி போதும். அது உட்காரும் எம்.2 ஸ்லாட் 2280 அளவா, குட்டை அளவான 2242 அல்லது 2230 மட்டுமா என்று மட்டும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பெரிய எஸ்எஸ்டி வாங்கிவந்து அது உள்ளே உட்காராமல் திரும்பிப்போகும் அலைச்சல் மிச்சம்.

---

தரவுத்தோணி:

ரேம் எவ்வளவு வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டாம், கணக்கே போட்டுவிடலாம். ஆர் தரவு முழுவதையும் ரேமுக்குள் ஏற்றித்தான் வேலை செய்யும். ஒரு தசம எண்ணுக்கு 8 பைட். ஒரு கோடி வரிசை, 50 பத்தி உள்ள அட்டவணை என்றால் 1,00,00,000 × 50 × 8 = 400 கோடி பைட், சுமார் 4 ஜிபி. இன்னொரு கோப்போடு அதை இணைத்தால் விளைவு தனிப் பிரதியாக உருவாகும், ஆக 8 ஜிபி. விண்டோஸும் இருபது டேப் திறந்த பிரவுசரும் 5, 6 ஜிபியை ஏற்கெனவே தின்றிருக்கும். 16இல் விளிம்பில் நிற்பீர்கள், 8இல் வேலையே ஓடாது. இடம் ஒதுக்க முடியவில்லை என்று ஆர் நின்றுவிடும், அல்லது எஸ்எஸ்டியை ரேம்போலப் பயன்படுத்தி எல்லாம் ஆமை வேகத்தில் நகரும்.

ஆனால் உங்கள் தரவு சில ஆயிரம் பேரிடம் எடுத்த கணக்கெடுப்பு என்றால் 16 ஜிபி தாராளம். இந்த இடத்தில் திருப்புளியோடு கொஞ்சம் வேறுபடுகிறேன்: ஒட்டிய ரேம் என்பதற்காகவே எல்லோரும் 32க்குப் போகவேண்டியதில்லை. பெரிய தரவை டக்டிபி என்ற டேட்டாபேஸிலோ பார்க்கே என்ற கோப்பு வடிவத்திலோ வைத்து, வேண்டிய பத்திகளை மட்டும் ரேமுக்குள் எடுக்கும் பழக்கம் வந்தால் 16இலேயே நெடுந்தூரம் போகலாம். உங்கள் வழிகாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்தக் குழு வழக்கமாகக் கையாளும் மிகப்பெரிய கோப்பு எத்தனை ஜிபி?”

தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். மெஷின் லேர்னிங் பாடத்தில் வரும் ரேண்டம் ஃபாரஸ்ட், ரிக்ரஷன் எல்லாம் பிராசஸரில்தான் ஓடும். அதற்கு மேல் பெரிய மொழி மாதிரி என்று போனால் லேப்டாப் கார்டு தாங்காது. 700 கோடி அளவுருக்கள் உள்ள மாதிரியை 16 பிட்டில் ஏற்றவே 14 ஜிபி வேண்டும், லேப்டாப் கார்டுகள் பலவற்றில் இருப்பது 6 அல்லது 8. அந்த வேலைக்குத் துறையின் சர்வரில் கணக்கு வாங்கி எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக இணையும் முறை) வழியாக நுழைவதுதான் சரி, அப்போது உங்கள் லேப்டாப் வெறும் வாசல். கார்டுக்குக் கொடுக்கும் காசும், அது கூட்டும் எடையும், குறைக்கும் பேட்டரி நேரமும் ஐந்து வருடத்துக்குச் சுமை.

---

வரைபடப்பித்து:

திரையைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. வரைபடம் போடுகிறவருக்கு அதுதான் உயிர்.

விவரப் பட்டியலில் ‘45% என்டிஎஸ்சி’ (திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதன் அளவு) என்று கண்டால் விலகிவிடுங்கள். மலிவுப் பேனலின் அடையாளம் அது. ஒரே நீலத்தின் ஐந்து சாயல்களில் மாவட்டங்களை வேறுபடுத்தினால், அந்தத் திரையில் அடுத்தடுத்த இரண்டு சாயல்கள் ஒன்றாகவே தெரியும். நீங்கள் நிறத்தை அழுத்தமாக்கி அனுப்புவீர்கள், நல்ல திரையில் பார்ப்பவருக்கு அது கண்ணைக் குத்தும். நிற அளவு ‘100% எஸ்ஆர்ஜிபி’ என்று இருக்க வேண்டும். வெளிச்சம் 250 நிட் என்றால் ஜன்னலோரம் உட்கார முடியாது, 400 கிடைத்தால் நல்லது. அகலத்துக்கு உயரம் 16:9 என்பதைவிட 16:10 மேல். 1920×1200 திரையில் 120 வரி கூடுதலாகக் கிடைக்கும், பிடிஎஃப் படிக்கும்போது அதன் அருமை தெரியும். 14 அங்குலம், ஒன்றரைக் கிலோவுக்குள் பாருங்கள். சார்ஜர் எடையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மேக்கா விண்டோஸா என்பதை மென்பொருள்தான் முடிவுசெய்யும். ஆரும் கியூஜிஐஎஸ்ஸும் மூன்று இயங்குதளத்திலும் ஓடும். இன்னொரு வரைபட மென்பொருளான ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ விண்டோஸுக்கு மட்டும். துறையில் அதைக் கட்டாயமாக்கினால் மேக் வேண்டாம், ஸ்நாப்டிராகன் என்ற ஆர்ம் வகைச் சில்லு உள்ள விண்டோஸ் லேப்டாப்பும் வேண்டாம். அதில் இன்டெல், ஏஎம்டிக்காக எழுதிய மென்பொருள்கள் எமுலேஷனில் (மொழிபெயர்த்து) ஓடும், டிரைவர்கள் ஓடாது. ஆய்வகக் கருவியோ யுஎஸ்பி லைசென்ஸ் பூட்டோ இருந்தால் அதற்கு ஆர்ம் டிரைவர் தனியாக இருந்தாக வேண்டும்.

மேக் பக்கம் போனால் இன்னொன்று: எம்1, எம்2 மேக்புக் ஏர் இரண்டிலும் ஒரே ஒரு வெளித் திரைதான் நேரடியாக இணையும். எம்3இல் மூடியை மூடினால் இரண்டு, எம்4இல் மூடி திறந்திருக்கும்போதே இரண்டு. ரேம், எஸ்எஸ்டி எதையும் பின்னால் கூட்ட முடியாது.

---

புதுவரவு:

மிக்க நன்றி. ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ இரண்டாம் பருவத்தில் உண்டு என்று பாடத்திட்டத்தில் இருக்கிறது, ஆகவே விண்டோஸ்தான். தரவும் பெரிதாக இருக்காது. பழையது வாங்கினால் என்னென்ன சோதிக்க வேண்டும்? ‘18 மணி நேரம் நிற்கும்’ என்று விளம்பரத்தில் போடுவதை எப்படி எடுத்துக்கொள்வது?

---

திருப்புளி:

மணி நேரத்தை விட்டுவிட்டு வாட்-அவர் எண்ணைப் பாருங்கள். எழுத்து, பிரவுசர், நடுத்தர வெளிச்சம் என்றால் சராசரியாக 8 வாட் செலவாகும் என்று வையுங்கள். 56 வாட்-அவர் பேட்டரி 7 மணி நேரம் தரும். ஆரில் கனமான கணக்கு ஓடும்போது 25 வாட் இழுத்தால் இரண்டே கால் மணிதான்.

பழையதில் திங்க்பேட் டி, லேட்டிட்யூட், எலைட்புக் போன்ற அலுவலக வரிசைகளைத் தேடுங்கள். கீபோர்டும் கீலும் உறுதி, உதிரி பாகம் கிடைக்கும். இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம், விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது.

காசு கொடுக்கும் முன் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அமைப்புத் திரைக்குள்) நுழைந்து பாருங்கள். கடவுச்சொல் கேட்டால் வாங்காதீர்கள். விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது ஏதோ நிறுவனத்தின் பெயர் வந்து அவர்கள் கணக்கில் நுழையச் சொன்னால் அது இன்னும் அவர்கள் பதிவேட்டில் இருக்கிறது என்று பொருள், அதையும் விடுங்கள். விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையில் வடிவமைப்புக் கொள்ளளவையும் இப்போதைய முழுக் கொள்ளளவையும் ஒப்பிடுங்கள். 80 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேரம் பேசலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் எஸ்எஸ்டியின் நலம் தெரியும். கடைசியாக, யுஎஸ்பி-சியில் சார்ஜரைச் செருகி மெதுவாக அசைத்துப் பாருங்கள். சார்ஜ் விட்டுவிட்டு ஏறினால் துளை தளர்ந்துவிட்டது, பல மாடல்களில் போர்டிலேயே கைவைக்க வேண்டிய வேலை அது.

புதியது வாங்கினாலும் யுஎஸ்பி-சி துளை சார்ஜும் திரையும் எடுக்குமா, தரவு மட்டுமா என்று கேளுங்கள். உருவத்தில் எல்லாம் ஒன்றுதான்.

---

தரவுத்தோணி:

வாங்கிய முதல் நாளே செய்யவேண்டியவை, ஏனென்றால் பின்னால் கைக்கு எட்டாது.

விண்டோஸ் 11 பல லேப்டாப்களில் வட்டைத் தானே குறியாக்கம் செய்துவிடும். 48 இலக்க மீட்புச் சாவியைத் தேடி எடுத்துத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். போர்டு மாற்றியபின்போ பயாஸ் புதுப்பித்தபின்போ அது கேட்டு, உங்களிடம் இல்லையென்றால் ஆய்வேடு உள்ளேயே பூட்டிக்கொள்ளும்.

மேற்கோள்களைச் சேர்த்துவைக்கும் சொடெரோ மென்பொருளைப் பயன்படுத்துவீர்கள் என்று நினைக்கிறேன். அதன் தரவுக் கோப்புறையை ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவற்றுக்குள் வைக்காதீர்கள். அது ஒரு டேட்டாபேஸ்; திறந்திருக்கும்போதே வேறொன்று அதைப் பிரதியெடுத்து மாற்றினால் சிதைந்துபோகும். சொடெரோவின் சொந்த ஒத்திசைவைப் பயன்படுத்துங்கள். கோப்புகளுக்கு இலவசமாகக் கிடைப்பது 300 எம்பிதான், மேற்கோள் விவரங்களுக்கு அந்த வரம்பு இல்லை.

ஒத்திசைவு வேறு, பேக்அப் வேறு. இங்கே அழித்தால் மேகத்திலும் அழியும். வெளி வட்டு ஒன்று வாங்கி வாரம் ஒருமுறை பிரதி எடுத்துக் கழற்றி வையுங்கள், செருகியே விட்டால் வைரஸ் வரும்போது அதுவும் சேர்ந்து போகும்.

---

வரைபடப்பித்து:

இன்னும் ஒன்று. மூடியதும் ‘ஸ்லீப்’ என்று இருப்பதை ‘ஹைபர்நேட்’ (திறந்திருப்பதை எஸ்எஸ்டியில் சேமித்து முழுதாக அணைவது) என்று மாற்றுங்கள். இப்போதைய லேப்டாப்கள் ஸ்லீப்பில் முழுதாக உறங்குவதில்லை, பைக்குள்ளேயே விழித்து, சூடாகி, வகுப்புக்குப் போய்த் திறக்கும்போது சார்ஜ் பாதியாக நிற்கும். திரும்பக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதையும் ஒரு இரவு வைத்துச் சோதித்துவிடுங்கள்.