‘டி’யில் அதிர்வு, ‘என்’னில் அமைதி: கியர்பாக்ஸைக் கழற்றும் முன் எதைச் சோதிப்பது?

கேள்வி:
வணக்கம். என்னுடைய கார் நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜினும் டார்க் கன்வர்ட்டர் (என்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் கொண்டது. 90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பிரேக்கை மிதித்தபடி ‘டி’யில் (முன்னே ஓட்டும் நிலை) நிற்கும்போது ஸ்டீயரிங்கும் இருக்கையும் அதிர்கின்றன, ‘என்’னுக்கு (நியூட்ரல்) மாற்றியவுடன் அதிர்வு பெருமளவு அடங்கிவிடுகிறது. ஏசி போட்டால் அதிர்வு கூடுவதோடு, அடிப்பகுதியிலிருந்து தகரம் நடுங்குவதுபோல் ஒரு சத்தமும் வருகிறது. கார் நகரத் தொடங்கினால் இரண்டும் மறைந்துவிடுகின்றன. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. ஸ்பார்க் பிளக்குகளை மாற்றியும் பயனில்லை. இப்போது கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

மறுமொழி 1:
அவசரப்பட வேண்டாம். ‘டி’யில் நிற்கும்போது சக்கரங்கள் பிரேக்கில் பிடிபட்டிருப்பதால், டார்க் கன்வர்ட்டருக்குள் இருக்கும் ஆயிலை எதிர்த்துக்கொண்டுதான் என்ஜின் சுழல்கிறது. அந்த எதிர்ப்பில் என்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அதைப் பாடியில் தாங்கி நிற்கும் ரப்பர் தாங்கிகளான மவுன்ட்டுகளை அழுத்துகிறது. மவுன்ட்டின் ரப்பர் அமுங்கிப் போயிருந்தாலோ, திரவம் நிரப்பிய மவுன்ட்டாக இருந்து அந்தத் திரவம் கசிந்திருந்தாலோ, அதிர்வு தடையின்றி பாடிக்கு வந்துவிடும். ‘என்’னில் அந்தப் பாரம் இல்லை, ஆகவே அமைதி.

சோதிக்க இருவர் தேவை. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கைபிரேக் போட்டு, ஒருவர் பிரேக்கை முழுமையாக மிதித்தபடி ‘டி’க்கும் ‘ஆர்’க்கும் (ரிவர்ஸ்) மாற்றட்டும், மற்றவர் பானெட்டைத் திறந்து, பக்கவாட்டில் நின்று கவனிக்கட்டும். காருக்கு முன்னாலோ பின்னாலோ எவரும் நிற்கவே கூடாது. என்ஜின் சற்றே அசைவது இயல்பு; எழும்பி ‘டக்’கென்று இடித்தால் மவுன்ட் போய்விட்டது.

மறுமொழி 2:
மேலே உள்ள விளக்கம் சரிதான். ஆனால் ‘என்’னில் அடங்குகிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து மவுன்ட்தான் என்று தீர்ப்பெழுதிவிட முடியாது என்பது என் கருத்து. ஏனெனில் பாரம் ஏறும்போதுதான் வெளிப்படும் மெல்லிய மிஸ்ஃபயரும் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் விடுவது) இதே முகத்தைக் காட்டும்.

அதிர்வின் தாளத்தைக் கையால் உணர்ந்து பாருங்கள். நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை எரிதல் நிகழ்கிறது. 750 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 750 சுற்று) அது நொடிக்கு 25 துடிப்பு. மவுன்ட் பழுதானால் ஸ்டீயரிங்கில் அந்தச் சீரான நடுக்கத்தையே உணர்வீர்கள். ஒரு சிலிண்டர் மட்டும் எரியாமல் விட்டால் நொடிக்கு ஆறு முறை போல, என்ஜின் நொண்டுவது தெரியும். விட்டுவிட்டு எரிந்தால் அதுவும் ஒழுங்கில்லாமல் இருக்கும்.

பிறகு காரின் கணினித் தகவலைப் படிக்கும் ஸ்கேனரைப் பொருத்தி, ‘டி’யில் ஆர்பிஎம் நிலையாக நிற்கிறதா, மிஸ்ஃபயர் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள், விளக்கு எரியாமலேயே அது ஏறக்கூடும். எரிபொருள் திருத்த அளவு (கணினி எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது, வெகுவாகக் கூடியிருந்து, 2,500 ஆர்பிஎம்மில் இயல்புக்குத் திரும்பினால், என்ஜினுக்குள் காற்று நுழையும் இன்டேக் பகுதியில் காற்றுக் கசிவைத் தேட வேண்டும். பிளக்கை மாற்றுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய சோதனை இது. பாகத்தை மாற்றி நோயைக் கண்டுபிடிப்பது செலவு மிகுந்த மருத்துவம்.

மறுமொழி 3:
சத்தத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சைலன்சர் குழாய்க்கு மேலுள்ள வெப்பத் தடுப்புத் தகடு தளர்ந்தால் துல்லியமாக இப்படித்தான் ஒலிக்கும். என்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, கையால் தட்டிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ஸ்கேனரில் மிஸ்ஃபயர் எண்ணிக்கை சுழியம், ‘டி’யில் 680 ஆர்பிஎம் ஆடாமல் நின்றது, எரிபொருள் அளவும் இயல்பாகவே இருந்தது. ‘ஆர்’க்கு மாற்றியபோது என்ஜின் கண்ணுக்குத் தெரியும்படி எழும்பியது, வலது பக்க மவுன்ட்டின் அடியில் கருமையாகத் திரவம் வழிந்திருந்தது. தகடும் ஒரு போல்ட் துருப்பிடித்து உடைந்து தொங்கியது. அதை வளையக் கிளாம்பால் இறுக்கியதும் சத்தம் நின்றுவிட்டது. மவுன்ட்டுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா?

மறுமொழி 2:
மற்ற மவுன்ட்டுகளின் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒன்று அமுங்கிய நிலையில் நெடுநாள் ஓடியிருந்தால் மற்றவையும் பாரம் தாங்கித் தேய்ந்திருக்கும். புதிதைப் பொருத்தும்போது போல்ட்டுகளைத் தளர்வாகப் போட்டு, என்ஜின் தன் எடையிலேயே இயல்பாக அமர்ந்த பிறகுதான் இறுதியாக முறுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று, புது மவுன்ட்டிலும் அதே அதிர்வு வரும்.