மறு: மறு: டேம்பிங்குக்கு ஒரு சொல், வெள்ளிக்குள் வேண்டும்

ஈசூனான் எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில் முன்வார்ப்புப் பலகம் (யார்டிலேயே வார்த்துக் கொண்டுவரும் காங்கிரீட் சுவர்த்துண்டு) பொருத்தும் ஊழியர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். மூன்று சொற்களில் மாட்டிக்கொண்டேன். டேம்பிங்: அதிரும் பலகத்தின் ஆற்றல் வெப்பமாகி அடங்குவது. ஐசொலேஷன்: இடையில் ரப்பர் வைத்து, அதிர்வை அடுத்த பலகத்துக்குத் தாவவிடாமல் மறிப்பது. அப்சார்ப்ஷன்: அறைக்குள் ஒலியைப் பஞ்சு குடிப்பது. கையிலிருக்கும் பழைய தமிழாக்கத்தில் மூன்றுமே 'அதிர்வுக் குறைப்பு'!

யார்டுக்காரன் (ஜொகூர்):
தம்பி, அதை மட்டும் போட்டுவிடாதே. பலகம் வார்க்கும் எங்கள் யார்டில் அதிர்வு என்றாலே வைப்ரேட்டர்தான், கலவையை அதிரவைக்கும் ஊசிக்கருவி. அச்சில் கலவையைக் கொட்டி, ஊசியை இறக்கி மெல்ல உருவினால்தான் காற்றுக்குமிழி வெளியேறும். 'அதிர்வைக் குறை' என்று எழுதிக் கொடுத்தால் பையன் அவசரமாக உருவிவிடுவான். மறுநாள் அச்சைப் பிரித்தால் மூலையெல்லாம் தேன்கூடுபோல ஓட்டை. அப்படிப்பட்ட சுவரா சத்தத்தை மறிக்கும்?

வடமராட்சி வாத்தியார்:
வகுப்பில நான் 'தணிப்பு' எண்டுதான் சொல்லுறனான். பிள்ளையளுக்குச் சட்டெண்டு விளங்கும். தமிழ்நாட்டுப் புத்தகத்தில 'தடையுறு அலைவு' எண்டு கிடக்குது. தடை வேற, தணிவு வேற எல்லோ? ரெசனன்ஸ் எண்டுறது எங்களுக்குப் 'பரிவு', உங்களுக்கு 'ஒத்ததிர்வு'. அந்தச் சண்டையை இன்னொரு நாள் பிடிப்பம்.

கூடற்புலவன்:
பழஞ்சொல் இருக்கப் புதுச்சொல் எதற்கு? 'அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்' என்கிறது தொல்காப்பிய உரியியல். 'சொல் அவிந்து இனிது அடங்கினரே மாக்கள்' என்பது குறுந்தொகை 6. ஓசை அடங்குவதே அவிதல். 'ஆன்றவிந்து அடங்கிய' என்ற புறநானூற்றுத் தொடரிலும் இதே வேர்தான். ஆகவே டேம்பிங் = அதிர்வவிப்பு. காங்கிரீட்டையும் விடாதீர்கள், கற்காரை என்றே எழுதுங்கள்.

வடமராட்சி வாத்தியார்:
ஐயா, குறை நினைக்கக்கூடாது. எங்கட வீட்டில அவிக்கிறது மரவள்ளிக்கிழங்கும் முட்டையும்தான்.

யார்டுக்காரன்:
வாத்தியார் விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் இருக்கிறது. பலகம் சீக்கிரம் கெட்டிப்பட, அச்சோடு மூடி நீராவி விடுகிறோம். தமிழ்ப் பையன்கள் அதை 'அவிக்கப் போட்டாச்சு' என்பார்கள். அதிர்வவிப்பு என்றால் எந்த நேரத்தில் எதை அவிப்பது என்று என்னிடம் வந்து நிற்பார்கள்.

ஒரு சந்தேகம் (கோவை):
150 மி.மீ. காங்கிரீட் சுவர் சதுர மீட்டருக்கு 360 கிலோ. எடை இரட்டித்தால் ஏறக்குறைய 6 டெசிபெல் கூடுதலாக மறிக்கும் என்பதுதானே கணக்கு? கனமே போதாதா?

யார்டுக்காரன்:
காற்றில் வரும் பேச்சுக்கு அது சரி. நாற்காலியை இழுத்தால்? தளமே அதிர்ந்து கீழ்வீட்டுக் கூரையைப் பேசவைக்கும். நள்ளிரவில் மேல்வீட்டில் கோலி உருட்டுவதுபோல் கேட்கிறது என்று சிங்கப்பூரில் புலம்பாதவர் உண்டா? சுவர் என்னதான் கனமாக இருந்தாலும், இணைப்பில் கிரவுட் (இடைவெளியை அடைக்கும் சிமெண்ட் கலவை) நிரம்பாமல் விரல் நுழையும் சந்து விட்டால் பக்கத்து வீட்டுப் பேச்சு அதன் வழியே வந்துவிடும்.

ஈசூனான்:
டேம்பிங் அதிர்வுத் தணிப்பு, ஐசொலேஷன் அதிர்வுத் தனிப்பு, அப்சார்ப்ஷன் ஒலி உறிஞ்சல். சரிதானே?

யார்டுக்காரன்:
காலையில் வேலை தொடங்குமுன் மேற்பார்வையாளர் இதை உரக்க வாசிப்பார். தணிப்பு, தனிப்பு இரண்டையும் காதால் பிரித்துக் காட்டு பார்ப்போம்.

கூடற்புலவன்:
ணகரத்தை நாவில் கொன்றுவிட்டுச் சொல்லின்மேல் பழி போடுகிறீர்கள். றகரமும் ழகரமும் ஏற்கெனவே போயின. நாளை உயிரெழுத்தும் கடினம் என்பீர்களா?

வடமராட்சி வாத்தியார்:
ஐயா சொல்லுறது ஞாயம்தான். ஆனா உயரத்தில தொங்கிற பலகத்துக்குக் கீழ நிக்கிறவனுக்கு ணகரம் படிப்பிக்க ஏலாது.

ஈசூனான் (வெள்ளி, மாலை 4:40):
அனுப்பிவிட்டேன். டேம்பிங்குக்குத் 'தணிப்பு' என்பதே நிலைத்தது. ஐசொலேஷனுக்குச் சொல்லே வைக்கவில்லை. 'ரப்பர் பேடு வைத்து அதிர்வைக் கடத்தாமல் செய்க' என்று வாக்கியமாகவே விட்டேன். தொழிற்சாலைப் பகுதியில் மட்டும் 'வைப்ரேட்டர் அதிர்வு' என்று பிரித்துக் காட்டியிருக்கிறேன். புலவர் ஐயா மன்னிக்கவும், காங்கிரீட் காங்கிரீட்டாகவே போயிருக்கிறது.

கூடற்புலவன்:
பேடு என்றால் பெண்பறவை. குயிற்பேடு, அன்னப்பேடு கேட்டிருப்பீர்கள். ரப்பரால் பெட்டை செய்து சுவருக்கடியில் வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். 'மெத்தை' என்று திருத்த இன்னும் நேரமிருக்கிறதா?