புது பில்லிங் சிஸ்டம்: லாச்சிக் காசும் ரிப்போர்ட்டும் ஒத்துவரவில்லை, உதவி வேண்டும்

ஹட்டன் கணக்கு:
வணக்கம். ஹட்டன் பக்கம் 24 கட்டில் உள்ள ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் கணக்குப் பிரிவைப் பார்க்கிறேன். 11 வருடமாக ஓடிய பழைய பில் புரோகிராமை விட்டுவிட்டு, இந்த மாதம் 1ஆம் திகதி காலை 6 மணிக்குப் புது சிஸ்டத்துக்கு மாறினோம். ஓபிடி, லேப், பார்மசி மூன்றிலும் பிரச்சினை இல்லை. வார்டில்தான் இடிக்கிறது.

ராத்திரி கேஷ் கவுன்டர் லாச்சியில் உள்ள காசை எண்ணினால், ரிப்போர்ட் சொல்வதைவிடக் காசு குறைகிறது. 1ஆம் திகதி 15,000 ரூபா. 2ஆம் திகதி சரி. 3ஆம் திகதி 35,000. 4ஆம் திகதி 10,000. நேற்று சரி. கேஷியர் பிள்ளைக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. எடுக்கிற ஆள் இல்லை அவள், அது எனக்குத் தெரியும். ஆனால் டிரெக்டரிடம் எதைக் காட்டுவது? சிஸ்டம் தந்தவர்களுக்கு கோல் எடுத்தால் "உங்கள் ஆட்கள் பிழையாக அடிக்கிறார்கள்" என்று ஒரே பாட்டு.

10ஆம் திகதி தோட்டங்களில் சம்பளம். அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் கவுன்டரில் நிற்க இடம் இருக்காது. அதற்குள் தீர்க்க வேண்டும்.

இன்னொன்று. பழைய நோயாளர் பட்டியலை எக்செல் வழியாக ஏற்றினோம். ஒரே ஆள் மூன்று பேராக நிற்கிறார். போன் நம்பர்களின் முதல் பூச்சியத்தையும் காணவில்லை.

மழைக்காரன்:
சர்வரை ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்கள்.

ஹட்டன் கணக்கு:
இங்கே அடிக்கிற மழைக்குக் கரன்ட் போய்ப் போய் அதுவே தினம் நாலு தடவை நடக்கிறது.

பண்டாரவளை அண்ணன்:
தம்பி, முதலில் அந்தப் பிள்ளையைச் சாப்பிடச் சொல்லுங்கள். இது களவு இல்லை. உங்கள் எண்களைப் பாருங்கள்: 15,000, 35,000, 10,000. மிச்சம் கொடுத்ததில் பிழைத்திருந்தால் 340, 1,150 என்று கோணலாக வரும். இப்படி முழு முழு எண்ணாக ஒரு ஆஸ்பத்திரியில் வாங்குவது ஒன்றுதான், வார்டில் சேர்க்கும்போது வாங்கும் டிபாசிட்.

ஒரு கேள்வி. 31ஆம் திகதி ராத்திரி வார்டில் படுத்திருந்தவர்களின் டிபாசிட்டைப் புது சிஸ்டத்தில் யார் ஏற்றியது?

ஹட்டன் கணக்கு:
அண்ணே... யாரும் ஏற்றவில்லை. பெயரையும் கட்டில் நம்பரையும் மட்டும்தான் ஏற்றினோம்.

பண்டாரவளை அண்ணன்:
அப்படியென்றால் நடந்தது இதுதான். ஒருவர் 30ஆம் திகதி 15,000 கட்டிப் படுக்கிறார். அது பழைய புரோகிராமில் ரசீதாகி, அன்றைக்கே பேங்குக்கும் போய்விட்டது. 1ஆம் திகதி வீட்டுக்குப் போகிறார், பில் 68,400. கையில் பழைய ரசீது இருக்கிறது, ஆகவே மிச்சம் 53,400தான் தருவார், அது நியாயம். ஆனால் புது சிஸ்டத்துக்கு அந்த 15,000 தெரியாது. 68,400 அடிக்காமல் பில்லை மூட விடாது. பிள்ளை வேறு வழியில்லாமல் "காசு 68,400" என்று அடித்திருப்பாள். லாச்சியில் 15,000 குறையத்தானே செய்யும்?

பழைய டிபாசிட் ரசீதுப் புத்தகத்தை எடுங்கள். 31ஆம் திகதி வார்டில் இருந்த ஒவ்வொரு ஆளுக்கும் எதிரே தொகையை எழுதுங்கள். சிஸ்டத்தில் பணம் கட்டும் வகைகளில் காசு, கார்ட் இருக்கிற இடத்தில் "பழைய டிபாசிட்" என்று புதிதாக ஒன்று திறக்கச் சொல்லுங்கள். அது நாளாந்தக் காசு ரிப்போர்ட்டில் சேரக் கூடாது, தனிக் கணக்குக்குப் போக வேண்டும். இன்னும் படுத்திருப்பவர்களுக்கு இன்றைக்கே ஏற்றுங்கள். போனவர்களின் பில்லை அழிக்காதீர்கள், பணம் கட்டிய வகையை மட்டும் காரணம் எழுதித் திருத்தி, ஆஸ்பத்திரிப் பொறுப்பாளரின் கையெழுத்தோடு வையுங்கள்.

எல்லாரும் வீட்டுக்குப் போனதும், மொத்த டிபாசிட்டில் இருந்து ஒவ்வொன்றாகக் கழிந்து அந்தத் தனிக் கணக்கு பூச்சியத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் ஒரு ரசீது எங்கேயோ தொங்குகிறது.

பதுளை ஐடி:
இரண்டாவது பிரச்சினைக்கு வருகிறேன். பூச்சியம் போனதற்குக் காரணம் எக்செல். 051 என்று தொடங்கினால் அதை எண்ணாக நினைத்து 51 ஆக்கிவிடும். பழைய ஃபைலை டபுள் கிளிக் பண்ணித் திறக்காமல், டேட்டா இம்போர்ட் வழியாக எடுத்து அந்த நிரலை டெக்ஸ்ட் என்று குறியுங்கள். பெயர்கள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் லட்சுமி என்ற பெயர் "yl;Rkp" மாதிரிதான் தெரியும்.

ஒரே ஆள் மூன்று பேராவதற்கு அடையாள அட்டை பெரிய காரணம். ஒருதடவை பழைய அட்டை, அடுத்த தடவை 2016க்குப் பிறகு வந்த 12 இலக்க அட்டை. இரண்டும் ஒன்றுதான் என்று சிஸ்டத்துக்குச் சொல்லித்தர வேண்டும். பழைய எண்ணின் முன்னால் 19 போடுங்கள், பழைய எண்ணின் ஐந்தாவது இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியம் செருகுங்கள், கடைசி எழுத்தை எடுத்துவிடுங்கள். 85 765 000 0 வீ என்றால் 1985 765 0000 0. வருடத்துக்கு அடுத்து வரும் மூன்று இலக்கம், அந்த வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது, பெண்களுக்கு அதில் 500 கூடும். ஆண் என்று பதிந்த ஆளுக்கு 500க்கு மேல் இருந்தால், யாரோ மனைவியின் அட்டையைக் கொடுத்திருக்கிறார்கள்.

பெயரை வைத்து மட்டும் சேர்க்காதீர்கள். லெட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொரு கிளாக்கரும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பார். ஒரே தோட்டத்தில் ஒரே முதலெழுத்தோடு நாலு லெட்சுமியும் இருப்பார்கள். வயசானவர்களுக்கு அட்டையில் ஒரு வயசு, வாயில் ஒரு வயசு. தோட்டம், தோட்டத்துக்குள் எந்த டிவிஷன் என்று இரண்டையும் கேட்டுப் பாருங்கள். இரண்டு பேரை ஒருவராக்கினால் இவருடைய மருந்து அவருடைய பக்கத்தில் ஏறும். அதைவிட ஒருவர் இரண்டாக நிற்பது மேல்.

கேஷ் அக்கா:
கண்டியில் 19 வருடம் கேஷ் கவுன்டரில் இருந்தவள் சொல்கிறேன். சரியாக வந்த நாளையும் பாருங்கள். 2ஆம் திகதியும் நேற்றும் பழைய நோயாளர் யாராவது வீட்டுக்குப் போனார்களா? போயிருந்தால் வித்தியாசம் வந்திருக்க வேண்டுமே? கெட்டிக்காரக் கேஷியர் லாச்சியை ஒப்பேற்ற டிபாசிட் தொகையை டிஸ்கவுண்ட் என்று அடித்துவிடுவார். காசு ஒத்துவரும், வருமானம் குறையும். டீச்சர்மார் யாராவது அரச ஊழியர்களுக்கான அக்ரஹார மருத்துவக் காப்புறுதிக்கு அந்த பில்லைக் கொண்டுபோனால், கட்டிய தொகையே அதில் குறைவாக இருக்கும்.

ஹட்டன் கணக்கு:
அக்கா, கையைக் கொடுங்கள்! ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்தோம். 31ஆம் திகதி வார்டில் 8 பேர். 1ஆம் திகதி போனவர் 15,000. 3ஆம் திகதி இரண்டு பேர், 20,000மும் 15,000மும். 4ஆம் திகதி ஒருவர், 10,000. சதம் பிசகாமல் ஒத்துவருகிறது. 2ஆம் திகதியும் ஒருவர் போயிருக்கிறார். பில்லில் டிஸ்கவுண்ட் 10,000! ராத்திரி ஷிஃப்ட்டில் இருந்த பெரியவர் செய்த வேலை. கேட்டால், "லாச்சி ஒத்துவந்தால் போதும் என்று நினைத்தேன்" என்கிறார். நேற்று பழைய ஆள் யாரும் போகவில்லை. மற்ற 3 பேரின் டிபாசிட்டை இன்றைக்கு ஏற்றிவிட்டோம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எங்கள் மேட்ரன் (தலைமைத் தாதி) 30 வருடம் அரச ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர். அங்கே எல்லாம் இலவசம், அவருக்கு பில் என்றாலே வீட்டுக் கரன்ட் பில்தான். வார்டில் பாவிக்கிற சிரிஞ், சேலைன் எதையும் சிஸ்டத்தில் போடாமல் பழைய கொப்பியிலேயே எழுதுகிறார். அவரிடம் யார் பேசுவது?

கேஷ் அக்கா:
நீங்கள்தான் தம்பி. பிளேன்டீயோடு போங்கள். கொப்பியை மட்டும் பறிக்காதீர்கள்.