கொலைக்கேஸ் பத்தி எழுதுறேன், செத்தவர் பொண்ணு வேணாங்குறாங்க

மசிக்கறை:
எங்க ஊர்ப்பக்கம் முப்பத்தஞ்சு வருஷம் முன்ன நடந்த ஒரு கொலைய வச்சு புத்தகம் எழுதிட்டு இருக்கேன். தீர்ப்பு நகல் வாங்கியாச்சு, ரிட்டயர் ஆன ஏட்டையாவ பாத்தாச்சு, தண்டனை முடிஞ்சு வந்தவரே மணிக்கணக்கா பேசுறார், போகும்போது டீ வாங்கிக் குடுக்காம விடமாட்டார். செத்தவரோட பொண்ணு மட்டும் வாசல்லயே நிக்க வச்சு "எங்கப்பா சாவுல நீங்க பேர் வாங்கணுமா"ன்னு கேட்டுட்டு கதவ சாத்திட்டாங்க. ரெண்டு வாரமா ஒரு வரி ஓடல. விட்டுரவா?

கோர்ட்டுவாசல்:
சட்டம் மட்டும் சொல்றேன். ஆட்டோ சங்கர் ஜெயில்ல எழுதுனத நக்கீரன் போடக்கூடாதுன்னு ஜெயில் ஐஜி லெட்டர் அனுப்பி, அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 1994ல தீர்ப்பு. அதிகாரிங்க முன்கூட்டியே தடுக்க முடியாது, கோர்ட் ரெக்கார்டுல இருக்குறத யார் சம்மதமும் இல்லாம போடலாம், அதத் தாண்டி ஒருத்தர் சொந்த வாழ்க்கைய எழுதுனா அவங்க கேஸ் போடலாம். பாலியல் வன்முறைல பாதிக்கப்பட்டவங்க பேர் மட்டும் ரெக்கார்டுல இருந்தாலும் கூடாது. அந்தப் பொண்ணு எங்க வேலை பாக்குறாங்க, யாரக் கட்டுனாங்க, இதெல்லாம் தீர்ப்புலயா இருக்கு?

பழையபேப்பர்:
எனக்கு உறுத்துறது பொண்ணு இல்லங்க, அந்த டீ. அமெரிக்கால ஜோ மெக்கின்னிஸ்னு ஒருத்தர், பொண்டாட்டி ரெண்டு பிள்ளைங்களக் கொன்னதா கேஸ் ஆன டாக்டர் கூட, அவர் வக்கீல் டீமோடவே தங்கி, தண்டனை ஆன பிறகும் ஜெயிலுக்கு பாசமா லெட்டர் போட்டுட்டே, 1983ல அவர்தான் கொலைகாரன்னு புத்தகம் போட்டார். டாக்டர், இவர் என்ன ஏமாத்திட்டார்னு கேஸ் போட, 1987ல மூணேகால் லட்சம் டாலர் குடுத்துத்தான் முடிச்சாங்க. ட்ரூமன் கபோட்டின்னு இன்னொரு எழுத்தாளர் கதை இன்னும் மோசம், கான்சாஸ்ல 1959ல ஒரு குடும்பத்துல நாலு பேரக் கொன்ன ரெண்டு பேரோட வருஷக்கணக்கா பழகிட்டு, 1965ல அவங்கள தூக்குல போடுற வரைக்கும் புத்தகத்துக்கு முடிவு இல்லாம காத்துட்டு இருந்தார். வேணாம்னவங்ககிட்ட நீங்க பொய் சொல்லல. சரின்னவர்கிட்ட?

சின்னவீடில்ல_சின்னமக:
எங்க சித்தப்பா கேஸ் ஒரு பத்திரிகைல தொடரா வந்துச்சு. சாகும்போது நீலச்சட்டைன்னு போட்டிருந்தாங்க. வெள்ளைங்க அது, எங்க பாட்டி துவைச்சுக் குடுத்தது, சாகுற வரைக்கும் அதையே சொல்லிட்டு இருந்துச்சு. திரும்ப அவங்க வாசல்ல போய் நிக்காதீங்க. ஒரு லெட்டர், உங்க நம்பர், அவ்ளோதான்.

மசிக்கறை:
லெட்டர் போட்டாச்சு. இன்னிக்கு அவர்கிட்டயும் கேட்டுட்டேன், உங்கள நல்லவரா எழுதுவேன்னு நினைக்கிறீங்களான்னு. "பின்ன எதுக்கு தம்பி இத்தன நாளா உக்காந்து பேசுறேன்"னார். டீய நான் குடிக்கல.