மறு: ஆக்டிவிட்டி மானிட்டருக்குத் தமிழில் என்ன போடலாம்?

> முதியோர் வீட்டில் பொருத்தும் ஆக்டிவிட்டி மானிட்டருக்கு "செயல்பாட்டுக் கண்காணிப்பி" சரியா?

ஐயா, சொல்லாக்கத்தில் குறையில்லை. ஆனால் கண்காணிப்பு என்றதும் நகைக்கடைக் கேமராவும் போலீசும்தான் நினைவுக்கு வரும். தனியாக இருக்கும் பெரியவரிடம் "உங்கள் வீட்டில் கண்காணிப்பி மாட்டப் போகிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். பெரியவரின் அன்றாட நடமாட்டம் வழக்கம்போல இருக்கிறதா என்று வெளியில் இருப்பவருக்குச் சொல்வதுதான் அதன் வேலை. ஜப்பானில் சோஜிருஷி நிறுவனம் 2001-இல் மின்சார வெந்நீர்க் குடுவை ஒன்றைக் கொண்டுவந்தது. பெரியவர் தேநீருக்கு வெந்நீர் பிடித்தால் அந்த விவரம் வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு மின்னஞ்சலில் போய்ச் சேரும். கேமரா கிடையாது, மைக் கிடையாது. அவர் புதிதாக எதையும் கற்க வேண்டாம், கழுத்திலும் கையிலும் எதையும் மாட்டிக்கொள்ள வேண்டாம். தினமும் காலையில் குடுவையைத் தொடுபவர் இன்று தொடவே இல்லையா, ஒரு போன் போட்டுக் கேட்கலாம். அவ்வளவுதான். கதவில் வைக்கும் காந்த உணரி (சென்சார்), அறையில் வைக்கும் அகச்சிவப்பு உணரி எல்லாம் இதே வகை. ஆளின் முகம் அவற்றுக்குத் தெரியாது, நடமாட்டம் மட்டுமே தெரியும்.

அதனால் என் பரிந்துரை "நலமறி". செயலுக்கு "நலமறிதல்". "நலம், நலமறிய ஆவல்" என்று இன்லேண்ட் லெட்டரில் எழுதிய தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

> நலமறி என்றால் பிரஷர், சர்க்கரை பார்க்கும் கருவி என்று நினைக்க மாட்டார்களா? விழுந்தால் அழைக்கும் வாட்சும் இதில் சேருமா?

முதல் கேள்வி நியாயம்தான். "இல்ல நலமறி" என்று முன்னொட்டு போடலாம் என நினைத்தேன், ஆனால் பேச்சில் அது "இல்லை" என்று காதில் விழுந்து தொலைக்கும். "வீட்டு நலமறி" ஆகட்டும்.

வாட்ச் வேறு கதை. 2018-இல் வந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 4, கை அசைவின் வேகமாற்றத்தை வைத்து விழுந்ததைக் கண்டுபிடிக்கிறது. ஆள் ஒரு நிமிடம் போல அசையாமல் கிடந்தால் தானே அவசர எண்ணை அழைக்கிறது. இது அன்றாட நடமாட்டத்தைப் படிப்பதல்ல, ஒரு விபத்தைப் பிடிப்பது. "விழுகை உணரி" போதும். வீழ்ச்சி பங்குச்சந்தைக்கே இருக்கட்டும்.

இன்னொன்று. கேமரா வைத்த கருவிக்கும் "நலமறி" என்று பெயர் ஒட்டி விற்க ஆள் வருவார்கள். அதற்குக் கண்காணிப்புக் கேமரா என்ற பழைய பெயரே நீடிக்க வேண்டும். கலைச்சொல் பட்டியலில் ஏற்றும்போது இதையும் குறிப்பாகச் சேர்த்துவிடுங்கள்.